மடிப்பு விழுந்த நோட்டு

யாங்கோனில் மூன்றாம் நாள் காலை
எங்களிடம் இருந்தது
பதினோராயிரம் சாட்டும்
மடிப்பு விழுந்த ஒரு நூறு டாலர் நோட்டும்.

மடித்தது நான்.
நான்காக மடித்து, செல்போன் உறைக்குள்,
திருடனுக்குத் தெரியாதபடி.
திருடனுக்குத் தெரியவில்லைதான்.

காசு மாற்றும் கடைப் பையன்
நோட்டை விளக்கில் தூக்கிப் பிடித்தான்
எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரைப் போல.
சிலுவையாய்க் கிடந்த கோட்டில் நகத்தை ஓட்டித்
தலையாட்டினான்.
இரண்டாம் கடையிலும் அதே ஆட்டம்.
ஐந்தாம் கடையில் கையிலேயே வாங்கவில்லை.
இங்கே டாலர் என்றால்
முதல் நாள் பள்ளிச் சீருடை மாதிரி இருக்கவேண்டுமாம்.
ஹெப்சிபா ஒன்றும் சொல்லவில்லை.
அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான்
நான் பயந்திருக்க வேண்டும்.

கணக்கு நோட்டும் பென்சிலும் அவளிடம்.
வட்ட ரயில், இரண்டு பேருக்கு நானூறு.
அவித்த காடை முட்டை, ஒரு பை.
நகரத்தை மூன்று மணி நேரம் சுற்றி
ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்ட ரயிலை
இருவருக்கும் பிடித்திருந்தது.
மதியம் காளி கோயிலில் பொங்கல்.
நாசரேத்து உபதேசியார் மகள்
எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள்,
இரண்டாம் முறையும் நின்றாள்.
தொன்னையை வழித்துக்கொண்டே,
"ஆண்டவர் கணக்கு பார்க்கமாட்டார், நான் பார்ப்பேன்."

படகுத்துறையில்
வெளியூர்க்காரருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை.
கன்னத்தில் தனக்கா பூசி, லோங்கி சுற்றி,
உள்ளூர் முகத்தோடு காசை நீட்டினோம்.
எங்கள் கறுப்பு அந்த ஊருக்குப் பழகிய கறுப்பு.
சீட்டுக் கொடுக்கிற பெண் பர்மியத்தில் ஏதோ கேட்டாள்.
ஹெப்சி சிரித்து வைத்தாள்.
நான் அவசரப்பட்டு "ஆமா" என்றேன்.
அவளும் சிரித்தாள்,
அடுத்த சன்னலைக் கைகாட்டினாள்.
டாலாவை இக்கரையிலிருந்தே பார்த்தோம்.
பார்க்கக் காசில்லை.

சண்டை இரவில் வந்தது, கரண்ட் போன பிறகு.
எட்டுக் கட்டில், நின்றுபோன மின்விசிறி.
"கைக்குட்டையா அது, மடிக்க?"
நானும் பேசினேன்.
அவள் வேலையை விட்ட கதையை
இழுத்திருக்கக் கூடாது.
இழுத்தேன்.

ஆறு மாடி இறங்கி, தெருமுனைக் கடையில்
முழங்கால் நெஞ்சில் இடிக்கும் பிளாஸ்டிக் முக்காலி.
பக்கத்து மேசைக்காரர்கள்
உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போட்டால்
டீ வருகிறது.
நானும் போட்டுப் பார்த்தேன்.
ஒரு நாய் திரும்பிப் பார்த்தது.

பத்தரைக்கு வந்தால் கீழ்க்கதவு பூட்டு.
அந்தத் தெருவில் மாடிக்கு மாடி
ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கவ்வி.
காலையில் பேப்பர் ஏறும், கீரைக்கட்டு ஏறும்.
இதில் எது எங்கள் கயிறு?
இருட்டில் ஒன்றை இழுத்தேன்.
மேலே எங்கோ மணி அடித்து
யாரோ இருமினார்கள்.
இன்னொன்றை இழுத்தேன்.
ஒரு குழந்தை அழத் தொடங்கியது.
மூன்றாவதில் கை வைக்குமுன்
அதுவே ஆடியது.
ஆறாம் மாடியில் ஒரு செல்போன் வெளிச்சம்.
கவ்வியில் சாவி இறங்கியது,
சாவியோடு ஒரு கிழித்த தாள்:

டீ 300. உன் கணக்கு.

நான் குடித்தது இரண்டு.

மறுநாள் சந்தைக்குப் பின்னால் ஒருவர்
நோட்டை முகர்ந்தெல்லாம் பார்த்துவிட்டு
எண்பத்திரண்டுக்கு எடுத்துக்கொண்டார்.
பதினெட்டு டாலர் நட்டம்.
ஹெப்சி இரண்டால் வகுத்தாள்.
வேண்டாம், அது என் தப்பு என்றேன்.
ஒன்பது, ஒன்பது என்று எழுதிக் கோடு போட்டாள்.
பிறகு என் மொஹிங்காவில் மிச்சமிருந்த
அரை முட்டையை எடுத்துத் தின்றாள்,
அதை எழுதவில்லை.